துளையிட மரப்பு மருந்தும் 24ஆம் மணி வலி மதிப்பெண்ணும்

லேப்ராஸ்கோப்பி வழியே கருப்பை அகற்றும்போது கருவிகள் நுழையும் துளையிடங்களில் பியூபிவக்கெய்ன் என்னும் மரப்பு மருந்தைச் செலுத்துவதால் சொல்லத்தக்க பயன் இல்லை என்பது ஒரு சாரார் முடிவு. மருந்து பெற்றோருக்கும் உப்புநீர் பெற்றோருக்கும் வலி மதிப்பெண் வேறுபடவில்லை என்பதே அவர்களின் தலையாய சான்று. அந்த எண்களை ஏற்கிறேன். அவை அந்த முடிவைத் தாங்குமா என்பதே என் ஐயம்.

மதிப்பெண் எடுக்கப்படும் சூழலை முதலில் கருத வேண்டும். அறநெறிப்படி இரு குழுவினருக்கும் கேட்டபோது மார்ஃபின் கிடைக்கிறது; பல சோதனைகளில் நோயாளியே பொத்தானை அழுத்தி எடுத்துக்கொள்கிறார். வலி பொறுக்கும் அளவுக்கு இறங்கும்வரை அழுத்துவார். எனவே உப்புநீர் பெற்றவரும் சிறிது நேரத்தில் மற்றவரின் மதிப்பெண்ணுக்கே வந்து சேர்கிறார். இந்தச் சமநிலை மார்ஃபினின் திறனுக்குச் சான்று. மரப்பு மருந்தின் தோல்விக்குச் சான்றாகாது. வேறுபாட்டைத் தேட வேண்டிய இடங்கள் வேறு: மார்ஃபினின் மொத்த அளவு, அதை முதன்முறை கேட்கும்வரை கழிந்த நேரம், குமட்டல்.

அடுத்தது நேரம். திசுவில் செலுத்திய பியூபிவக்கெய்னின் மரப்பு ஏறத்தாழ 4 முதல் 8 மணி நேரம் நிற்கும். அதை 24ஆம் மணி மதிப்பெண்ணால் எடைபோடுவது, நேற்றுக் காலை பெய்த மழையை இன்று திண்ணையைத் தொட்டு அளப்பது போன்றது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, மூன்று வலிகள் ஒரே எண்ணுக்குள் அடைக்கப்படுவது. வயிற்றுச்சுவரின் வலி மார்புத் தண்டுவட நரம்புகள் 7 முதல் இடுப்பின் முதல் நரம்பு வரை செல்கிறது. கருப்பை வாய்ப் பகுதியின் வலி திருவெலும்பு நரம்புகள் 2 முதல் 4 வழியே ஏறுகிறது. கார்பன் டைஆக்சைடால் உறுத்தப்பட்ட உதரவிதானமோ கழுத்து நரம்புகள் 3 முதல் 5 வழியாகத் தோளில் வலிக்கிறது. துளையிட ஊசி முதலாவதை மட்டுமே தொடும். 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் துளைகளைவிட உள்ளுறுப்புக் காயம் பெரிதாக இருக்கும் அறுவையில், ஓய்வில் படுத்திருப்பவரிடம் ‘வலி எவ்வளவு?’ என்று பொதுவாகக் கேட்டால் துளைகளின் பங்கு மூழ்கிப்போவதில் வியப்பில்லை. இதற்கு மாறாக, கருக்குழாயில் வளையமிட்டுச் செய்யும் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவையில் வலியின் ஊற்று அந்தக் குழாயே. அங்கே மருந்தைக் குழாயின் மீதே இட்டபோது வலி தணிவது பலமுறை காட்டப்பட்டுள்ளது. ஊற்றையும் மருந்து படும் இடத்தையும் பொருத்திப் பார்த்தால்தான் பயன் தெரியும்.

நச்சுத்தன்மை பற்றிய அச்சம் இங்கே பெரிதல்ல: 0.25 விழுக்காட்டுக் கரைசல் 20 மில்லிலிட்டரில் இருப்பது 50 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில், உச்சவரம்பு 120 மில்லிகிராம். வயிற்றுச்சுவர் நரம்பு மரப்பும் சேர்த்துத் தந்தால் இரண்டையும் கூட்டிக் கணக்கிட வேண்டும், அவ்வளவே.

இந்த ஊசியின் விளைவு பெரிது என்று நான் வாதிடவில்லை. 100 மில்லிமீட்டர் அளவுகோலில் 10க்குக் குறைந்த மாற்றத்தை நோயாளி பொருட்படுத்துவது அரிது. பயன் அதற்குள் அடங்கிவிடவும் கூடும். ஆனால் அன்றே வீடு திரும்பும் பெண்ணுக்கு முதல் 6 மணி நேரமே எழுந்து நடப்பதையும் வாந்தியின்றி இருப்பதையும் தீர்மானிக்கிறது. 1, 2, 4, 6ஆம் மணிகளில், இருமும்போதும் நடக்கும்போதும், துளை, அடிவயிறு, தோள் எனத் தனித்தனியே வலியைக் கேட்டு, மார்ஃபின் அளவோடு சேர்த்துப் படிக்கும் சோதனையே இக்கேள்விக்குரியது. அதுவரை துளையிட ஊசியை நெறிமுறையிலிருந்து நீக்கப் போதிய காரணம் இல்லை.