முன்பள்ளிக்குப் பழைய மாணவர் சங்கம் இல்லை: கிளிநொச்சியில் சிறுவர் நலமும் ஊர்ப் பணமும்

இலங்கைப் பாடசாலைகளில் மருத்துவப் பரிசோதனை 1918இல் தொடங்கியது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தபோது அப்பணிக்கு ஊர்மட்ட ஆளணி கிடைத்தது. இன்று சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையினர் 1, 4, 7, 10ஆம் தர மாணவரைப் பரிசோதிக்கின்றனர்; 200 பேருக்குக் குறைந்த பாடசாலையாயின் எல்லா மாணவரையும் பார்க்க வேண்டும். கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரி, கண்டாவளைப் பக்கத்துச் சிறிய பாடசாலைகளுக்கு இவ்விதி பெரும் பேறு. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை 1960இல் அரசுடைமையாயின. ஆக, ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் படிப்பும் உடல்நலமும் படிப்படியாக அரசின் கடமையாயின. ஐந்துக்குக் கீழே தடுப்பூசியும் நிறை பார்த்தலும் குடும்பநல உத்தியோகத்தரின் பொறுப்பில் இருக்க, முன்பள்ளி மட்டும் பெரும்பாலும் ஊரின் சேகரிப்பில் விடப்பட்டது. மூளையும் மொழியும் மிக விரைவாக வளரும் பருவத்தை மிக மெலிந்த நிதியில் நிறுத்தியதே கிளிநொச்சியின் முன்பள்ளிகளைப் பிறர் கைக்கு எளிதில் எட்டச் செய்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. நம் கல்வியே ஊர்க் கொடையால் எழுந்ததல்லவா? ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு வீடுகள் பிடியரிசி தந்தன. 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியபோதும் மக்களின் சிறுகொடைகளே அதைத் தாங்கின. இது உண்மை, பெருமைக்கும் உரியது. ஆனால் பிடியரிசி, நாளும் உலையேறும் வீட்டையும் தலைமுறையாக ஓரிடத்தில் வாழும் அயலையும் முன்கொள்கிறது. கிளிநொச்சியோ இரணைமடுக் குளத்தை நம்பி 1930களில் குடியேற்றமாக வளர்ந்த ஊர். தமிழருக்கெதிரான 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு நீண்டகாலம் காணி உறுதியே இல்லை. 1996, 2008 இடப்பெயர்வுகளும் 2009இல் இறுதிப் போரின் பேரழிவும் எஞ்சியதையும் பறித்தன. செட்டிகுளம் முகாம்களிலிருந்து தறப்பாள் கொட்டிலுக்குத் திரும்பிய தாயிடம் முன்பள்ளி ஆசிரியையின் சம்பளத்துக்குப் பங்கு கேட்பது, பசித்தவரிடமே பசியாற்றும் பொறுப்பை ஒப்படைப்பதாகும்.

புலம்பெயர்ந்தோர் பணம் இக்குறையைத் தீர்த்துவிடும் என்பர் சிலர். அப்பணம் பெருநன்மை செய்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும் அது செல்லும் வழியைக் கவனிக்க வேண்டும். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் தாம் படித்த கல்லூரியின் பெயரால் கூடுகின்றன. மண்டபமும் மைதானமும் அந்தப் பெயருக்கே போகின்றன. நான்கு வயதில் பாடிய முன்பள்ளியின் பெயரால் எவரும் சங்கம் அமைப்பதில்லை. பாடசாலைக்கு அபிவிருத்திச் சங்கம் உண்டு. அரசு சம்பளமும் உண்டு. முன்பள்ளிக்கு மாதர் சங்கம், சனசமூக நிலையம், எப்போதாவது ஒரு தொண்டு நிறுவனம். இந்த வெற்றிடத்தில்தான் போருக்குப் பின் பாதுகாப்பு அமைச்சின் கீழான சிவில் பாதுகாப்புத் திணைக்களம் நுழைந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான முன்பள்ளி ஆசிரியைகளை அது தன் ஊழியராக்கியது. மாகாண நிர்வாகம் தந்த கொடுப்பனவைவிட அதன் சம்பளம் பல மடங்கு. அதை ஏற்ற பெண்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்களிற் பலர் தனியே குடும்பம் சுமப்பவர்கள். ஆனால் குழந்தையின் முதல் வகுப்பறைக்குப் படைத்துறை அமைச்சு சம்பளம் கொடுப்பது எந்தச் சமாதான நாட்டிலும் இயல்பாகாது.

அப்படியானால் அரசு சம்பளமே ஆபத்தல்லவா என்று கேட்கலாம். யார் தருகிறார் என்பதிலேயே வேறுபாடு இருக்கிறது. முன்பள்ளி மேற்பார்வை 13ஆம் திருத்தத்தால் மாகாண சபைக்குரியது. வடமாகாணக் கல்வி நிர்வாகம் நிலையான சம்பளம் தந்து, முகாமையைப் பெற்றோரிடம் விட்டால் ஊரின் குரல் குறையாது. யார் தருகிறார் என்பதே முக்கியம் என்பதைப் பிள்ளைகளின் உணவின் வரலாறும் காட்டுகிறது. 2003 முதல் உலக உணவுத் திட்டத்தின் துணையோடு வடக்கில் நடந்த பாடசாலை உணவு வெளிக்கொடையைச் சார்ந்திருந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் பிள்ளைகளின் தட்டு சுருங்கியது. 2024 மார்ச்சில் ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்கும் உணவு வழங்க அரசு முன்வந்தது. ஆனால் அத்திட்டம் தரம் ஒன்றில்தான் தொடங்குகிறது, முன்பள்ளியில் அல்ல. ஊர்ச் சேகரிப்புக்கும் இடமுண்டு: வேலி, விளையாட்டு முற்றம், வீட்டுத்தோட்டம், இலைக்கஞ்சிக்குக் கீரை. ஆசிரியையின் மாதச் சம்பளமும் பிள்ளையின் காலை உணவும் மாகாண வரவுசெலவுத் திட்டத்தில் தனித்தலைப்பாக இருக்க வேண்டியவை.