நாள்பட்ட முழு இதயத் தமனி அடைப்பு: கதீட்டர் சிகிச்சை

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் ஒன்று முற்றிலும் மூடிக்கொண்டு, மூன்று மாதமோ அதற்கு மேலோ அப்படியே இருந்தால் அதை நாள்பட்ட முழு அடைப்பு (ஆங்கிலச் சுருக்கம் சிடிஓ) என்கிறார்கள். மருத்துவமனைப் பேச்சில் ‘நூறு பர்சென்ட் பிளாக்’. இதய நோய்க்காக ஆஞ்சியோகிராம் செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது தென்படுகிறது. வலப்பக்க இதயத் தமனியில்தான் அதிகம். நெஞ்சைத் திறக்காமல், மணிக்கட்டு அல்லது தொடை வழியே கதீட்டர் எனும் மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பைக் கம்பியால் கடந்து, பலூனால் விரித்து, ஸ்டென்ட் பொருத்துவதே இங்கு விவரிக்கப்படும் சிகிச்சை.

மாரடைப்பின்போது ஏற்படும் திடீர் அடைப்பு வேறு, இது வேறு. அங்கே புதிய இரத்தக்கட்டி தமனியை மூடுகிறது. தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகிறது. தாமதமின்றித் திறந்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதில் ஐயத்துக்கே இடமில்லை. நாள்பட்ட அடைப்பில் அந்த அவசரம் கிடையாது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் ‘நூறு சதவீதம்’ என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பமே நிலைகுலைந்துபோகிறது.

தமனி முழுதாக மூடிய பிறகும் அந்தப் பகுதித் தசை பலருக்கு உயிரோடு இருக்கிறது. அடைப்பு மெல்ல மெல்ல வளரும் காலத்தில், பக்கத்துத் தமனிகளிலிருந்து நுண்ணிய மாற்றுவழி நாளங்கள் விரிந்து, மூடிய தமனியின் கீழ்ப்பகுதிக்கு இரத்தம் சேர்க்கின்றன. அதனால் மாரடைப்பே வராமல் முழு அடைப்போடு நடமாடுபவர்கள் நிறைய உண்டு. ஆனால் இந்த நாளங்கள் ஓய்வில் இருக்கும் தசையைத்தான் காப்பாற்றும். படியேறும்போதும் விரைந்து நடக்கும்போதும் தசை கேட்கும் கூடுதல் இரத்தத்தைத் தர அவற்றால் பெரும்பாலும் இயலாது. ‘இயற்கையே பைபாஸ் செய்துவிட்டது, இனி ஒன்றும் வேண்டாம்’ என்று சொல்லி அனுப்புவது பாதி உண்மைதான்.

நோயின் அறிகுறிகளும் எளிதில் பிடிபடாதவை. நெஞ்சில் பாரம் ஏறுவதுபோன்ற வலி சிலருக்கு இருக்கும். பலருக்கு மூச்சுவாங்கலும் அசதியும் மட்டுமே. மாடி ஏறுவதை விட்டுவிடுவார்கள், கடைக்கு வண்டியில் போவார்கள், பேரக்குழந்தையைத் தூக்குவதை நிறுத்துவார்கள். ‘வலி இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். ‘போன வருடம் செய்த எதை இப்போது செய்வதில்லை’ என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

கடினமான கடப்பு

ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் உலகின் முதல் இதயத் தமனி பலூன் சிகிச்சையைச் செய்தபோது, அவர் விரித்தது ஒரு குறுகலை. முழு அடைப்பை அல்ல. அதன் பின்னும் நெடுங்காலம் முழு அடைப்பு கதீட்டருக்கு எட்டாததாகவே கருதப்பட்டது. அடைப்பின் மேல்முனையில் நாராலும் சுண்ணாம்பாலும் இறுகிய மூடி இருக்கும். அதற்குள்ளே தமனி எங்கே போகிறது என்பது எக்ஸ்ரே திரையில் தெரியாது.

இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி ஒரு கம்பி. அதன் தடிமன் 0.36 மில்லிமீட்டர்; சில வகைகளில் நுனி இன்னும் கூராகத் தேய்க்கப்பட்டிருக்கும். மருத்துவர் நுனியின் கடைசி ஒரு மில்லிமீட்டரை மட்டும் லேசாக வளைத்து, நுண்குழாய்க்குள் நுழைத்து, விரல்களுக்கிடையில் உருட்டி உருட்டி முன்னேற்றுகிறார். நுனி வளையத் தேவைப்படும் விசையைக் கிராமில் அளக்கிறார்கள்: ஒரு கிராமுக்கும் குறைவான மென்மையான கம்பியில் தொடங்கி, தேவைப்பட்டால் பன்னிரண்டு கிராமும் அதற்கு மேலும் உள்ள விறைப்பான கம்பிக்குப் போகலாம். இரு கதீட்டர்கள் வழியே வல, இடத் தமனிகள் இரண்டிலும் ஒரே நேரத்தில் சாயம் செலுத்துவது இங்கே இன்றியமையாதது. ஒன்று அடைப்பின் தொடக்கத்தையும், மற்றது மாற்றுவழி நாளங்கள் மூலம் அடைப்பின் மறுமுனையையும் காட்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள இருட்டுதான் கடக்க வேண்டிய தூரம்.

பெரிய திருப்பம் ஜப்பானிலிருந்து வந்தது. பைபாஸ் அறுவையைவிடக் கதீட்டர் சிகிச்சையை அதிகம் நாடும் நாடு அது. அடைப்பின் கீழ்முனை மேல்முனையைவிடப் பெரும்பாலும் மென்மையானது. ஆகவே அந்தப் பக்கமிருந்து வந்தால் என்ன என்று ஒசாமு கட்டோவும் அவருடன் பணியாற்றியவர்களும் எண்ணினார்கள். இதயத்தின் இடைச்சுவரில் ஓடும் மயிரிழை நாளங்கள் வழியே கம்பியைச் செலுத்தி, அடைப்பைப் பின்புறமிருந்து அணுகி, முன்புறக் கம்பியோடு இணைக்கும் முறையை அவர்கள் 2006இல் வெளியிட்டார்கள். ஐச்சி மாகாணத்தின் அசாஹி இன்டெக் நிறுவனம் செய்த கம்பிகளும் நுண்குழாய்களும் இல்லாமல் இது பரவியிருக்காது. எந்த அடைப்புக்கு எந்த வழியில் தொடங்குவது, எப்போது வழியை மாற்றுவது என்ற ஒழுங்கை அமெரிக்க மருத்துவர்கள் 2012இல் வகுத்தார்கள். ஒரு காலத்தில் மூன்றில் ஒன்று தோற்ற இந்தச் சிகிச்சை, இன்று தேர்ந்த மையங்களில் 85 முதல் 90 சதவீதம் வரை வெற்றி பெறுகிறது.

கிடைக்கும் பலன்

நோயாளி மீண்டும் நடக்க முடிவதுதான் இதன் முதற்பலன். 2018இல் வெளியான யூரோ சிடிஓ ஆய்வில் 396 பேர் சேர்க்கப்பட்டனர். ஓராண்டு முடிவில் கதீட்டர் சிகிச்சை பெற்றவர்களில் 71.6 சதவீதத்தினருக்கு நெஞ்சுவலி முற்றிலும் நீங்கியிருந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 57.8 சதவீதத்தினருக்கு. அன்றாட வாழ்க்கைத் தரமும் முதல் குழுவில் கூடுதலாக உயர்ந்தது. மருந்துக் குழுவும் கணிசமாகத் தேறியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆயுள் கூடுமா என்பது வேறு கேள்வி. தென்கொரிய மருத்துவர்கள் முன்னின்று நடத்திய டெசிஷன் சிடிஓ ஆய்வில், எண்ணூறுக்கு மேற்பட்டோரைச் சுமார் நான்கு ஆண்டுகள் கவனித்தும் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் தெளிவான குறைவு தென்படவில்லை. மருந்துக் குழுவில் சேர்க்கப்பட்ட பலர் நடுவில் கதீட்டர் சிகிச்சைக்கு மாறியதால் அதன் முடிவை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. இதயத்தின் சுருங்கும் திறன் கூடும் என்ற எதிர்பார்ப்பும் 2016இன் எக்ஸ்ப்ளோர் ஆய்வில் பொதுவாக மெய்ப்படவில்லை. ஆகவே ‘திறக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து’ என்று அச்சுறுத்தி இந்தச் சிகிச்சைக்குச் சம்மதம் வாங்குவது சரியல்ல. அதேபோல், ஆயுள் கூடாது என்பதால் பயனே இல்லை என்று ஒதுக்குவதும் சரியல்ல. நூறடி நடந்தால் நின்று மூச்சுவாங்கும் மனிதர் மூச்சிரைக்காமல் சந்தைக்குப் போய்வருவது சிறிய பலன் அன்று.

நெஞ்செலும்பை அறுக்க வேண்டியதில்லை என்பதும், பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம் என்பதும் முதியோருக்கும், ஏற்கெனவே பைபாஸ் செய்து அந்த ஒட்டுநாளம் மூடிப்போனவர்களுக்கும் பெரிய ஆறுதல்.

ஆபத்தும் தேர்வும்

சாதாரண ஆஞ்சியோபிளாஸ்டியைவிட இதில் ஆபத்து அதிகம். அமெரிக்காவின் 12 மையங்களில் 1000 நோயாளிகளைப் பதிவுசெய்த ஓப்பன் சிடிஓ ஆய்வில் 86 சதவீத வெற்றியோடு, மருத்துவமனையிலேயே 0.9 சதவீத இறப்பும், சிகிச்சை தேவைப்பட்ட தமனித் துளை 4.8 சதவீதமும் இருந்தன. துளை விழுந்தால் இதய உறைக்குள் இரத்தம் தேங்கி இதயத்தை நெருக்கும். உடனே ஊசியால் வடிக்க வேண்டும். சில மணி நேரம் நீளும் சிகிச்சையில் கதிர்வீச்சு தோலைப் புண்ணாக்கலாம், சாயம் சிறுநீரகத்தைத் தாக்கலாம். நீரிழிவு நோயாளிகள் இதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். ஸ்டென்ட் பொருத்திய பின் இரத்தக்கட்டியைத் தடுக்கும் இரு மாத்திரைகளை மருத்துவர் சொன்ன காலம்வரை, பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு, விடாமல் எடுக்க வேண்டும்.

மருந்து முழு அளவில் கொடுத்தும் வலியோ மூச்சுவாங்கலோ அடங்காதவர், அடைப்புக்குக் கீழுள்ள தசை உயிரோடு இருப்பது எம்ஆர்ஐ போன்ற சோதனையில் உறுதியானவர் ஆகியோருக்கே இது பொருந்தும். ஐரோப்பிய வழிகாட்டுதல் 2018இல் இத்தகையவர்களுக்கு ஆதரவாகவே பேசியது. 2021இன் அமெரிக்க வழிகாட்டுதல் கூடுதல் தயக்கம் காட்டியது. நீரிழிவோடு மூன்று தமனிகளிலும் அடைப்பு இருந்தால் பைபாஸ் அறுவைதான் பெரும்பாலும் மேல். தசை முழுதும் தழும்பாகிவிட்டிருந்தால் தமனியைத் திறந்து பயனில்லை.

செலவு இந்தியாவில் தனியாகப் பார்க்க வேண்டியது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. ஆனால் முழு அடைப்பில் பல கம்பிகளும் நுண்குழாய்களும் செலவாவதால், ஸ்டென்ட் விலையை மட்டும் வைத்து மொத்தத் தொகையைக் கணக்கிட முடியாது. காப்பீட்டில் எவ்வளவு அடங்கும் என்று முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த நோயில் ஆஞ்சியோகிராம் மேசையிலேயே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆஞ்சியோகிராம் பதிவான சிடியைக் கையில் வாங்கிக்கொண்டு, முழு அடைப்புகளை வழக்கமாகத் திறக்கும் ஒரு மருத்துவரிடம் காட்டி, ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், எத்தனையில் வெற்றி, எத்தனையில் சிக்கல் என்று தயங்காமல் கேளுங்கள்.