மூலிகையைச் சோதித்தறிந்த பேராசிரியர்

கேமரன் மலையிலே, ரிங்லெட்டைச் சூழ்ந்த சரிவுகளில் கொழுந்து பறிக்கும் தமிழ்த் தொழிலாளிக்குத் தேயிலை பிழைப்பு. அக்கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து, கோப்பையில் இறங்கிய பின்னர், குடிப்பவருக்கு அது களைப்பாற்றும் பானம். மருந்தியல் அறிஞருக்கோ அது ஒரு கேள்வி. களைப்பை நீக்குவது இலையிலுள்ள எந்தப் பொருள்? அப்பொருள் உடலில் எவ்வாறு தொழிற்படுகிறது? அளவு மிஞ்சினால் விளைவது என்ன?

1827இல் ஊட்ரி என்பவர் தேயிலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்குத் 'தேயின்' என்று பெயர் வழங்கிற்று. 1838இல், அது காப்பிக்கொட்டையில் முன்னரே கண்டறியப்பட்ட காஃபினே என்பது தெளிவாயிற்று. 1888இல் ஜெர்மானிய அறிஞர் கோசல் அதே இலையில் தியோஃபிலின் என்னும் மற்றொரு பொருளைக் கண்டார். அது பிற்காலத்தில் ஆஸ்துமாவுக்கு மருந்தாயிற்று. ஆனால் தேயிலையில் அது மிகச் சொற்பமே. ஆகவே தேநீர் அருந்தினால் இளைப்பு தீரும் என்று கொள்ளலாகாது. இலை வேறு, இலையிலுள்ள மருந்து வேறு, அம்மருந்தின் அளவு வேறு.

இவ்வேறுபாட்டை இந்திய மூலிகைகளின்பால் செலுத்தி, அதனையே தம் வாழ்நாட்பணியாகக் கொண்டவர் பேராசிரியர் ராம் நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று அவர் போற்றப்படுகிறார்.

கேம்பிரிட்ஜில் பெற்ற பயிற்சி

சோப்ரா 1882இல், இன்று பாகிஸ்தானில் அடங்கியுள்ள குஜ்ரான்வாலாவில் பிறந்தார். லாகூரில் பயின்றபின் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே மருந்தியல் கற்பித்த வால்டர் டிக்சனிடம் அவர் பெற்ற பயிற்சியே பின்னாளைய பணிக்கு வித்தாயிற்று.

மருந்தியல் அப்போது இளம் துறை. அதற்கு முன் மாணவர் படித்தவை பெரும்பாலும் மருந்துப் பொருள்களின் பெயர், தோற்றம், குணம் ஆகியவற்றைத் தொகுத்துரைக்கும் நூல்களே. நிகண்டு சொற்களைத் தொகுத்துத் தரும். ஒரு சொல் வாக்கியத்தில் என்ன தொழில் செய்கிறது என்பதை இலக்கணமே காட்டும். பழைய மருந்துப்பொருள் நூலுக்கும் புதிய மருந்தியலுக்கும் இருந்த வேற்றுமை ஏறக்குறைய அத்தகையது.

1908இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த சோப்ரா, முதல் உலகப்போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றினார். 1921இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரானார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் அப்பாடத்தைக் கற்பிக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது.

கல்கத்தா ஆராய்ச்சிக்கூடம்

அன்று நாட்டு வைத்தியத்தைப் பற்றி இரு கட்சிகள் இருந்தன. முன்னோர் சொன்னது அனைத்தும் உண்மை என்றது ஒன்று. அனைத்தும் மூடநம்பிக்கை என்றது மற்றொன்று. சோப்ரா எக்கட்சியிலும் சேரவில்லை. இந்தியாவில் விளையும் மருந்துகளைக் கொண்டே நாடு தன் தேவையை நிறைவு செய்யவேண்டும்; நாட்டு வைத்தியம் புகழும் மூலிகைகளில் மெய்யான பயனுள்ளவற்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்; அவை ஏழை மக்கள் வாங்கத்தக்க விலையில் கிடைக்கவேண்டும். இவையே அவருடைய ஆராய்ச்சியின் நோக்கங்கள்.

தாவரம் இன்னதென்று முதலில் உறுதிசெய்யப்படும். இரசாயன அறிஞர் அதிலுள்ள பொருளைப் பிரிப்பர். அப்பொருள் விலங்குகளின் இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் எவ்வாறு மாற்றுகிறது என்று அளந்து பார்க்கப்படும். பின்னரே நோயாளியிடம் செல்லும். சீதபேதிக்கு வழங்கிவந்த வெட்பாலைப் பட்டை இவ்வாறு ஆராயப்பட்டது. தமிழ் இல்லங்களில் இருமலுக்குக் கைமருந்தாக விளங்கும் ஆடாதோடையும் ஆராய்ச்சிமேடைக்கு வந்தது. அதிலுள்ள வாசிசின் என்னும் பொருளைப் பற்றிய ஆய்வைச் சோப்ராவும் கோஷும் 1925இல் வெளியிட்டனர்.

இவற்றினும் புகழ்பெற்றது சர்ப்பகந்தி. இதன் வேரை உன்மத்தத்துக்கும் உறக்கமின்மைக்கும் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தனர். 1931இல் சென், போஸ் என்னும் இருவர், இது உன்மத்தத்தோடு இரத்தக் கொதிப்பையும் தணிப்பதாக எழுதினர். அவ்வாண்டிலேயே டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அவ்வேரிலிருந்து அஜ்மலின் முதலிய பொருள்களைப் பிரித்தார். 1933இல் சோப்ராவும் அவருடைய துணைவர்களும் வேரின் பொருள் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைச் சோதனையால் காட்டினர். அவர் எழுதிய 'இந்தியாவின் நாட்டு மருந்துகள்' என்னும் பொருள்படும் பெருநூல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே.

வேரும் வினாவும்

இங்கே சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. சர்ப்பகந்தியின் முதன்மையான பொருளாகிய ரெசர்பினைத் தனியே பிரித்தெடுத்தவர்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், ஆண்டு 1952. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்ட பயனை 1949இல் ஆங்கில இதழொன்றில் எழுதியபின்னரே உலகின் கவனம் இவ்வேரின்பால் திரும்பிற்று. ஆடாதோடையின் வாசிசினை அடியாகக் கொண்டு 1960களில் புரோம்ஹெக்சின் என்னும் சளி மருந்து உருவானது ஜெர்மனியில்.

வேர் இந்தியாவினது, வினாவை எழுப்பியதும் இந்தியாவே. ஆயினும் இறுதிவிடை வேற்று நாட்டிலிருந்து வந்தது. ஒருவரது கூர்மதி மட்டும் போதாது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்வதற்கு ஆய்வுக்கூடங்களும், கருவிகளும், பயிற்சி பெற்ற மாணவர் வரிசையும் வேண்டும். சோப்ரா அவ்வரிசையைத் தொடங்கிவைத்தார். 1951இல் லக்னோவில் திறக்கப்பட்ட மைய மருந்து ஆராய்ச்சி நிலையத்தைப் பின்னர் இயக்கிய பிஷ்ணுபத முகர்ஜி அவரிடம் பயின்றவரே.

ரெசர்பினின் பிற்கதையும் ஒரு பாடமாகும். அது சிலரிடம் கடும் மனச்சோர்வை உண்டாக்கிற்று. மேலான மருந்துகள் வந்தபின் அதன் வழக்கும் குறைந்தது. மூலிகையிலிருந்து வந்ததாதலின் தீங்கற்றது என்னும் எண்ணத்திற்கு இது தக்க மறுமொழி.

ஏழையின் கொயினா

ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியிலும் சோப்ராவுக்குப் பெரும்பணி காத்திருந்தது. கொயினா முதலிய மருந்துகளில் கலப்படமும் அளவுக்குறைவும் மலிந்திருப்பதாக முறையீடு எழுந்தது. 1930இல் இந்திய அரசு அமைத்த மருந்து விசாரணைக் குழுவுக்கு அவர் தலைவரானார். அடுத்த ஆண்டே அறிக்கை வெளிவந்தது. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்கும், 1948ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டத்துக்கும் அவ்வறிக்கையே அடிப்படை.

மலேரியா எத்தனை தமிழ்க் குடும்பங்களை வாட்டிற்று என்பதை மலாயாத் தோட்டங்களின் பழைய வரலாறு அறிந்தவர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. காய்ச்சலில் நடுங்குபவனுக்குக் கொடுக்கும் கொயினாவில் கொயினா குறைவாயிருந்தால், அது வெறும் வணிகக் குற்றமன்று, உயிர்க் குற்றம். நோயாளி மருந்தைச் சோதிக்க இயலாது. அவனுக்காகச் சோதிப்பவர் ஒருவர் வேண்டும். மருந்தியல் என்னும் கல்வியின் அறம் இதுவே.

1941இல் கல்கத்தாவில் ஓய்வு பெற்ற சோப்ரா, ஜம்மு காஷ்மீரில் மருந்தாராய்ச்சியைத் தொடர்ந்தார். 1956இல் துணைவர்களோடு இந்திய மருந்துச் செடிகளின் அகராதியொன்றை வெளியிட்டார். 1973இல் தமது தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

ரிங்லெட்டில் தேநீர் அருந்தும் தமிழாசிரியர் ஒருவர், பாட்டியின் கைமருந்தைப் பற்றி மாணவன் கேட்கும்போது அதனைப் புகழவும் வேண்டா, இகழவும் வேண்டா. "எந்தச் செடி? எந்தப் பொருள்? எவ்வளவு? யார் சோதித்தார்?" என்னும் நான்கு வினாக்களை அவனுக்குக் கற்பித்தால் போதும். சோப்ரா தம் மாணவர்க்கு விட்டுச்சென்ற வழி அதுவே.