ஏலமலையும் பற்சக்கரப் பெட்டியும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறிப் பூப்பாறை வழியே உடும்பஞ்சோலைக்குச் சென்றவர், ஜீப் வண்டியின் முனகலை மறந்திருக்க மாட்டார். 1956-இல் மொழிவழி எல்லை வகுக்கப்பட்டபோது இப்பகுதி கேரளத்தோடு நின்றது. எனினும் ஏலத்தோட்டங்களுக்குத் தமிழகத் தொழிலாளர் மலையேறுவது நிற்கவில்லை. அவர்களைச் சுமப்பது ஜீப். அம்முனகலோ அதன் பற்சக்கரங்களின் குரல்.

அமெரிக்க வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் 1947-இல் மகீந்திரா நிறுவனத்தார் பூட்டத் தொடங்கினர். போருக்குப் பிந்திய அவ்வகை வண்டிக்குரிய மூன்று கியர்ப் பெட்டி, போர்க்-வார்னர் நிறுவனத்தாரின் டி-90 என்பது. அதே நிறுவனத்தாரின் டி-10 என்னும் நான்கு கியர்ப் பெட்டி, 1957-இல் கார்வெட் என்னும் பந்தயப் பாங்கான காரில் ஏறியது. 1963-இல் ஜெனரல் மோட்டார்ஸின் மன்சி பெட்டியும், அடுத்த ஆண்டு ஃபோர்டு, கிரைஸ்லர் பெட்டிகளும் வந்து, அமெரிக்க இளைஞரின் அசுர வேகக் கார்களை ஆண்டன.

முதல் கியரில், மன்சி எம்-21 பெட்டிக்குள் எஞ்சின் 2.20 முறை சுழன்றால் வெளித்தண்டு ஒரு முறை சுழலும், டி-90-இல் 2.80 முறை. வேற்றுமை இவ்வளவுதானா என்று எண்ணற்க. ஜீப்பில் இரண்டாவது பெட்டி ஒன்று உண்டு. சேற்றுப் பாதையில் அதன் தாழ்நிலை 2.46 மடங்கு வேகத்தைக் குறைக்கும். அச்சின் 5.38 மடங்கையும் பெருக்கினால், எஞ்சின் ஏறத்தாழ 37 முறை சுழன்ற பின்னரே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். 3.70 அச்சுடைய எம்-21 காருக்கு எட்டுச் சுற்றே போதும். அதன் பேரெஞ்சினுக்கு உந்துவிசை குறைவில்லை. வேகம் தளராதிருக்கவே கியர்களை நெருக்கி வைத்தனர். ஜீப்பின் எஞ்சினோ 2.2 லிட்டர், பெருக்கிக் கொடுத்தால்தான் சுமை நகரும்.

ஓட்டுநரை வருத்தியது பிறிதொன்று. மேற்சொன்ன கார்ப் பெட்டிகளில் முன்செல்லும் நான்கு கியருக்கும் வேகத்தை ஒத்துவிக்கும் சிங்க்ரோமெஷ் வளையம் உண்டு. டி-90-இன் முதல் கியருக்கு அது கிடையாது. ஓடும் வண்டியை முதல் கியருக்குக் கொணர, கிளச்சை மிதித்து நியூட்ரலில் விட்டு, எஞ்சினைச் சற்று முடுக்கி, மீண்டும் மிதித்துத் தள்ள வேண்டும். கணக்குத் தவறினால் பற்கள் அலறும், கியர் விழாது. ஏற்றத்தில் இது நாணம் மட்டுமே. ஆட்கள் நிறைந்த வண்டி இறக்கத்தில் நியூட்ரலில் சிக்கினாலோ, எஞ்சினின் பிடி அற்று முழுச்சுமையும் பிரேக்கின்மேல் விழும். காய்ந்த பிரேக் பிடிக்காது. ஆகவே தேர்ந்த ஓட்டுநர், இறக்கம் தொடங்குமுன் வண்டியை நிறுத்தி, வேண்டிய கியரைப் போட்டுக்கொண்டே இறங்குவார்.