முதல் தங்கிலீஷ் புத்தகம்: லிஸ்பன், 1554

ரெண்டு வாரமா எபிசோடு வரலையேன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஆபீஸ் வேலையா போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன் போயிருந்தேன். கூட வர வேண்டிய ரெண்டு பேருக்கு விசா வரலை, அதனால தனியா. ஆறு நாள் மீட்டிங், ஏழாவது நாள் ஞாயித்துக்கிழமை, மறுநாள் காலையில ஃப்ளைட். அந்த ஒரு ஞாயித்துக்கிழமைதான் இன்னிக்கு எபிசோடு.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். போய் இறங்கின அன்னிக்கு அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன். அம்மா இருக்கறது கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சியில இருந்து கல்வராயன் மலைக்குப் போற வழியில இருக்கற ஊரு. எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, தமிழ் மீடியம். நான் அவசரத்துல லேப்டாப்ல இருந்து, வந்துட்டேன், சாப்பிட்டேன், கவலைப்படாதீங்கன்னு தமிழை இங்கிலீஷ் எழுத்துல தட்டி அனுப்பிட்டேன். பதிலுக்கு வாய்ஸ் நோட்டு வந்துச்சு. "என்ன கண்ணு எழுதியிருக்க? ஒண்ணும் புரியல. பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கூல் விட்டு வந்தாத்தான் படிச்சுச் சொல்லுவான்."

இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

லிஸ்பன் இருக்கறது தேஜோ ஆறு அட்லாண்டிக் கடல்ல கலக்குற முகத்துவாரத்துல. ஊர் பூரா மேடும் பள்ளமும். கூகுள் மேப் பத்து நிமிஷம்னு காட்டும், ஆனா அதுல எட்டு நிமிஷம் படிக்கட்டு. காலையில அல்ஃபாமாங்கற பழைய பேட்டையில இருந்து கிளம்பினேன். சந்து சந்தா நடக்கும்போது ஒரு விளையாட்டு ஆரம்பிச்சுது. வீட்டுல ஜன்னல் இருக்கு, அவங்க மொழியில 'ஜனேலா'. சாவிக்கு 'ஷாவ்'. மேசைக்கு 'மேசா'. அலமாரி, பீப்பாய், ஏலம், மேஸ்திரி எல்லாமே இந்த ஊர்ல இருந்து வந்ததுதான். ஓட்டல்ல அன்னாசிப்பழம் கேட்டா அதுக்கும் 'அனனாஸ்'. எங்க மலையில வெள்ளிமலைப் பக்கம் போனா மரவள்ளிக் காடா இருக்கும். சின்னசேலம் பக்கம் வந்தா அதை அரைச்சு ஜவ்வரிசி ஆக்குற ஆலைங்க. அந்த மரவள்ளியும் தென் அமெரிக்காவுல இருந்து போர்ச்சுகீசியர் கப்பல் வழியா ஆசியாவுக்கு வந்த பயிர். மிளகாயும் அப்படித்தான்.

சரி, இதெல்லாம் ஜாலியான விஷயம். ரீல்ஸ்ல நிறைய பார்த்திருப்பீங்க. அல்ஃபாமாவை விட்டு ஆத்தோரம் இறங்கினதும் ஒரு கல் குழாயடி இருக்கு. பேரு ஷஃபாரிஸ் தெல்ரெய், அதாவது ராஜாவோட நீரூற்று. டூரிஸ்ட் யாரும் பெருசா நிக்கறதில்லை. நான் அங்கதான் ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டேன்.

காரணம் இதுதான். அந்தக் காலத்துல அங்க ஆறு குழாய். 1551ல் நகர நிர்வாகம் ஒரு உத்தரவு போட்டது. எந்தக் குழாயில யார் தண்ணி பிடிக்கணும்னு. முதல் குழாய் கறுப்பின ஆண்களுக்கும், கலப்பினத்தவர்களுக்கும், 'இந்தியர்' என்று குறிக்கப்பட்டவர்களுக்கும். அடிமையா இருந்தாலும் சரி, விடுதலை ஆனவங்களா இருந்தாலும் சரி. அடுத்தது கப்பல்ல துடுப்பு போடுற மூர்களுக்கு. நடுவுல ரெண்டு வெள்ளைக்கார ஆண்களுக்கு. அஞ்சாவது கறுப்பின, இந்தியப் பெண்களுக்கு. கடைசி வெள்ளைக்காரப் பெண்களுக்கு. மாத்திப் பிடிச்சா தண்டனை.

அதே 1551ல் எடுத்த கணக்குப்படி லிஸ்பன்ல சுமார் 1 லட்சம் பேர், அதுல 9,950 பேர் அடிமைகள். பத்துக்கு ஒருத்தர்.

டீக்கடையில இரட்டைக் குவளை பார்த்த ஊர்க்காரங்க நாம. தண்ணியில ஆள் பிரிக்கறது நமக்கு ஐரோப்பாக்காரன் சொல்லிக்கொடுத்து வந்தது இல்லை. ஆனாலும் அந்த முதல் குழாய் முன்னாடி உட்கார்ந்தப்ப, நம்ம ஊர் ஆளுங்க இங்க வரிசையில நின்னிருப்பாங்கங்கற நினைப்பு விடவே இல்லை. ஏன்னா, அதுல மூணு பேரோட பேர் நமக்குத் தெரியும்.

விசெந்தே த நசரே. ஜோர்ஜ் கார்வாலோ. தொமே த க்ரூஸ். பேரைக் கேட்டா போர்ச்சுகீசியர் மாதிரி இருக்கும். மூணு பேரும் தமிழ் பேசுறவங்க. இது ஞானஸ்நானத்துல வச்ச பேரு, புத்தகத்துல அதுதான் இருக்கு. உத்தரவு வந்து மூணு வருஷம்கூட ஆகலை, இதே ஊர்ல இவங்க சேர்ந்து ஒரு புத்தகம் கொண்டு வந்தாங்க. 1554 பிப்ரவரி 11, மன்னர் மூன்றாம் ஜுவாவோட ஆணைப்படி, ஜெர்மாவ் கால்யார்துங்கற அச்சகக்காரர் அச்சடிச்சது. பேரு கார்த்தில்யா. சின்ன ஜெபப் புத்தகம், எப்படிச் சிலுவை போடணும், என்ன மந்திரம் சொல்லணும்கற மாதிரி. தமிழ்ல அச்சான முதல் புத்தகம் அதுதான்.

ஆனா அதுல ஒரு தமிழ் எழுத்துகூட கிடையாது!

ஆமா, மொத்தமும் ரோமன் எழுத்து. கறுப்பு, சிவப்பு மையில தமிழ் வார்த்தைகள், கூடவே போர்ச்சுகீசிய அர்த்தம். நாம வாட்ஸ்அப்ல தட்டுறோமே, அதேதான். அச்சுல வந்த முதல் தமிழ், தங்கிலீஷ். இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. தங்கிலீஷால தமிழ் அழியுதுன்னு மேடையில பேசுறவங்ககிட்ட இதைச் சொல்லணும்னு தோணுச்சு. அப்புறம் யோசிக்க யோசிக்கச் சிரிப்பு போயிடுச்சு.

இந்தப் புத்தகம் யாருக்காக? 1530கள்ல தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிக்கிற பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் பெரிய தகராறு. பரதவர்கள் கொச்சி போய் போர்ச்சுகீசியர்கிட்ட பாதுகாப்பு கேட்டாங்க. கப்பல் படை வந்தது, கூடவே பாதிரிமாரும் வந்தாங்க. 1536, 37ல் ஆயிரக்கணக்கானவங்க மொத்தமா ஞானஸ்நானம் வாங்கினாங்க. ஆனா கடற்கரையில பாதிரிக்குத் தமிழ் தெரியாது, மக்களுக்குப் போர்ச்சுகீசு தெரியாது. அந்த இடைவெளிக்குத்தான் இந்தப் புத்தகம். பாதிரி ரோமன் எழுத்தைப் பார்த்துத் தமிழ்ச் சத்தத்தை வாசிப்பார், மக்கள் காதால கேட்டுக்கணும்.

இங்கதான் நம்ம தங்கிலீஷுக்கும் இதுக்கும் வித்தியாசம். நாம தட்டும்போது படிக்கிறவருக்குத் தமிழ் ஏற்கெனவே தெரியும். 'ல', 'ள', 'ழ' மூணையும் ஒரே எழுத்துல போட்டாலும் மனசு சரி பண்ணிக்கும். கார்த்தில்யாவைப் படிக்கப்போறவருக்கு அந்த எழுத்தைத் தவிர வேற ஆதாரமே இல்லை. தமிழ் மட்டும் தெரிஞ்சவருக்கோ அந்தப் புத்தகம் வெறும் கோடு. தன் மொழியில இருக்கு, தன்னால படிக்க முடியாது. படிச்சுச் சொல்ல இன்னொருத்தர் வரணும்.

பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கூல் விட்டு வர வேண்டியிருக்குற மாதிரி.

தமிழ் எழுத்து அச்சுல வர இன்னும் 24 வருஷம் ஆச்சு. அதுக்குப் பின்னாடி இருந்தவர் என்ரிக்கே என்ரிக்கஸ் பாதிரியார், நாம அண்ட்ரிக் அடிகளார்னு சொல்றோம். முத்துக்குளித்துறையிலயே தங்கி தமிழை முறையா படிச்சவர். முதல்ல கோவாவுல எழுத்து வார்த்தாங்க, அப்புறம் கொல்லத்துல திருத்தி வார்த்தாங்க. 1578 அக்டோபர் 20, கொல்லத்துல 'தம்பிரான் வணக்கம்' வந்தது. 16 பக்கம்தான். இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்துல இந்த மண்ணுல அச்சானது அதுதான் முதல் தடவை. அந்த அச்சு வேலைக்குப் பரதவர்கள் காசு போட்டாங்கங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல். மூணு பேர் லிஸ்பன்ல ராஜா செலவுல பண்ணினது பாதிரிக்கு. இது அவங்க காசுல, அவங்க எழுத்துல.

லிஸ்பன் 1755 நவம்பர் 1ல் பூகம்பம், கடல் அலை, தீ மூணுலயும் சிக்கிக்கிச்சு. ஆத்தங்கரை அரண்மனை, அரச நூலகம், இந்திய வியாபாரத்தை நடத்தின 'காசா த இந்தியா' எல்லாம் போச்சு. குழாயடியில இருந்து நடந்தா அந்த இடம் பக்கம்தான், இப்ப பெரிய மஞ்சள் நிறச் சதுக்கம். இவ்வளவையும் தாண்டி கார்த்தில்யா பிழைச்சிருக்கு. பெலெம் பகுதியில, ஜெரோனிமோஸ் மடத்தை ஒட்டின தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தோட சேகரிப்புல இருக்கு. தமிழ் உலகத்துக்கு இதை எடுத்துச் சொன்னவர் தனிநாயகம் அடிகள். 1958ல் 'தமிழ் கல்ச்சர்' இதழ்ல முதல் தமிழ் அச்சு நூல்களைப் பத்தி எழுதினார்.

நான் அதைப் பார்த்தேனா? இல்லை. குழாயடியில உட்கார்ந்தது என் தப்பு. 15ஆம் நம்பர் டிராம் பிடிச்சு பெலெம் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆறு தாண்டிடுச்சு. வாஸ்கோ ட காமா 1497ல் கிளம்பின கரை அது. கதவு சாத்தின கட்டடத்தைச் சுத்தி வந்துட்டு, தண்ணியைப் பார்த்து உட்கார்ந்தேன்.

எங்க கோமுகி ஆறு கல்வராயன் மலையில பிறந்து, எங்க ஊர்ப்பக்கம் அணையில தேங்கி, மணிமுத்தாறோட சேர்ந்து, வெள்ளாத்துல கலந்து பரங்கிப்பேட்டையில கடலுக்குப் போகுது. பரங்கின்னா வெள்ளைக்காரன். இந்த லிஸ்பன்காரங்க அந்த ஊருக்கு வச்ச பேரு போர்த்தோ நோவோ, புதுத் துறைமுகம்.

போன்ல தமிழ் கீபோர்டு இறக்கினேன். பழக்கமே இல்லை, 'ழ' எங்க இருக்குன்னு தேடவே நேரம் ஆச்சு. நாலு வரி அடிக்க கால் மணி நேரம். குழாயடியைப் பத்தியும் எழுதினேன். ஊர்ல அப்ப ராத்திரி ஒரு மணி இருக்கும், காலையிலதான் பார்ப்பாங்கன்னு நினைச்சேன். உடனே பதில் வந்துச்சு, அம்மா தானே அடிச்சது, புள்ளி ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருந்தது.

"படிச்சேன் கண்ணு. இப்ப அந்தக் குழாயில யார் வேணா பிடிக்கலாமா?"

அந்தக் குழாயில இப்ப தண்ணி வர்றதில்லைம்மான்னு பதில் போட்டேன். அடுத்த எபிசோடு பரங்கிப்பேட்டையில இருந்து. வரேன்.