மௌத் ஓர்கன் வாசித்த டீஃபோர்ட் பெய்லி

ஜிம் ரீவ்ஸ் என்றால் நமது வாப்பாமார் இன்றும் ஒரு பாட்டையாவது முணுமுணுப்பார்கள். கன்ட்ரி இசை என்றதும் நமக்கு ஞாபகம் வருவதும் அவரைப் போன்ற வெள்ளைக்காரர்கள்தான். ஆனால் அந்த இசையின் அடையாளமான பான்ஜோ ஆபிரிக்க வழிவந்தது. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் சுரைக்குடுவையில் தோல் போர்த்திச் செய்த வாத்தியம் அது. (மேற்கு ஆபிரிக்காவின் அக்கொன்டிங் வாத்தியத்தை யூடியூபில் கேட்டுப் பாருங்கள், சொந்தம் விளங்கும்.)

1920களில் இசைத்தட்டுக் கம்பனிகள் கறுப்பினத்தவருக்கு 'ரேஸ்' தட்டுகள், தென்மாநில வெள்ளையருக்கு 'ஹில்பில்லி' தட்டுகள் என்று சந்தையைப் பிரித்தன. பாடியவர்களோ ஒருவரிடம் ஒருவர் கற்றவர்கள். கார்ட்டர் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் பாட்டுத் தேடி ஊர் ஊராக அலைந்தபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனதில் பதித்துக்கொள்வார்.

டீஃபோர்ட் பெய்லியின் கதை இன்னும் கசப்பானது. நாஷ்வில் வானொலி நிகழ்ச்சியொன்றுக்கு 1927இல் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்று பெயர் வந்த இரவில், மௌத் ஓர்கனிலேயே ரயிலை ஓடவிட்டவர் அவர். ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் சுற்றுப்பயணங்களில், சக கலைஞர்கள் தங்கிய பல ஹோட்டல்களில் அவருக்கு அறை இல்லை. 1941இல் அவரை நீக்கினார்கள். புதுப் பாட்டுப் பழகாத சோம்பேறி என்று காரணம் சொன்னார்கள். அவ்வருடம் பாடல் உரிமைப் பிணக்கினால் வானொலிகள் தவிர்த்த பாடல்களில் அவருடைய பிரபலமான மெட்டுகளும் அகப்பட்டிருந்தன என்பதை யாரும் பேசவில்லை.

அதன்பின் நாஷ்வில்லிலேயே சப்பாத்துக்குப் பொலிஷ் போடும் கடை நடத்தினார். 1982இல் காலமானார். கன்ட்ரி இசையின் ஹோல் ஒஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2005இல்.