பதினாலு காயும் ஒரு கத்தியும்

காமாலைன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது கல்லீரல். ஆனா பித்தம் வெளியேறுகிற குழாய் அடைத்துக்கொண்டாலும் உடம்பு மஞ்சளாகும். இன்னைக்குப் பேசப்போறது, அந்த மஞ்சளுக்காக சுமார் 1800 வருஷமாகக் காய்ச்சப்படுகிற ஒரு கூட்டுக் கஷாயத்தைப் பற்றி.

சீனாவில் ஹான் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலம். சாங் சோங்ஜிங் என்ற வைத்தியர். இருநூறுக்கும் மேற்பட்ட சொந்தபந்தங்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் பத்து வருஷத்துக்குள் இறந்துபோனதாகத் தன் நூலின் முன்னுரையில் எழுதுகிறார். பெரும்பாலும் காய்ச்சல். அதனாலோ என்னவோ, அவர் எழுத்தில் தத்துவத்தைவிட சமையல் குறிப்புதான் அதிகம்.

கஷாயத்தில் மூன்றே சரக்கு. முதலாவது யின்சென், நம்ம மரிக்கொழுந்தோட தாவர இனம்தான். அடுத்தது கார்டீனியா காய், எண்ணி 14. மூன்றாவது ரேவல்சின்னிக் கிழங்கு. யின்சென்னை மட்டும் முதலில் போட்டு, தண்ணீர் பாதியாகிற வரைக்கும் காய்ச்சணும். பிறகுதான் மற்ற இரண்டும். மூன்று வேளை குடிக்கணும். அப்புறம் சிறுநீர் செக்கச்செவேலென்று போகும், ஒரே ராத்திரியில் வயிற்று உப்புசம் குறையும் என்கிறார். மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு நோயாளியே பார்த்துக்கொள்ள ஓர் அடையாளம் கொடுத்தார் பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது.

இந்தக் கஷாயம் ஜப்பானுக்குப் போய் 'இன்சின்கோதோ' ஆனது. மெய்ஜி அரசு மேற்கத்திய மருத்துவம் படித்தவர்களுக்குத்தான் உரிமம் என்று சொன்னதும், பழைய வைத்தியம் ஒடுங்கியது. ஆனால் 1976ல் பல கூட்டு மருந்துகள் அரசுக் காப்பீட்டுக்குள் வந்தன. ஆய்வகமும் கவனித்தது. கார்டீனியா காயிலுள்ள ஒரு பொருளைக் குடல் பாக்டீரியாக்கள் ஜெனிபின் என்பதாக மாற்றுகின்றன. அந்த ஜெனிபின் எலிகளில் பித்த ஓட்டத்தைக் கூட்டியது.

சரி, குழாயே இல்லைன்னா? சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே பித்தக் குழாய் அழிந்து மூடிப்போகும். பித்தம் போக வழியே இல்லாதபோது அதைப் பெருக்கி என்ன பயன்? எத்தனை காய் போட்டாலும் திறக்காது. செண்டாயில், தோஹோக்கு பல்கலைக்கழகத்தின் மோரியோ கசாய் 1955ல் கத்தியை எடுத்தார். அழிந்த குழாயை வெட்டி எடுத்துவிட்டு, குடலைத் தூக்கி நேராகக் கல்லீரலின் வாசலில் தைத்தார். இன்றைக்கும் அந்த அறுவை சிகிச்சைக்கு அவர் பெயர்தான். அதைப் பெரும்பாலும் குழந்தை பிறந்து 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். கஷாயத்தை நம்பி ஒரு மாசம் பார்ப்போம்னு காத்திருந்தால், அந்த ஒரு மாசம் திரும்பாது.

இதில் வேடிக்கை என்னன்னா, ஜப்பானிய மருத்துவமனைகள் சில, வழி திறந்த பிறகு அதே குழந்தைகளுக்கு இன்சின்கோதோ கொடுத்தன. கத்தி முதலில், கஷாயம் அப்புறம். ஆய்வுகள் சின்னவை, அதனால் பெரிதாகக் கொண்டாட நான் தயாரில்லை. மூலிகைதானே, ஒண்ணும் செய்யாதுன்னும் சொல்ல முடியாது. கார்டீனியா காய் சேர்ந்த மருந்துகளை வருஷக்கணக்காகச் சாப்பிட்ட சிலருக்குப் பெருங்குடல் ரத்தக்குழாய்கள் தடித்துப்போனதை ஜப்பானிய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

2012 முதல் ஜப்பானில் தாய்-சேய் கையேட்டோடு ஒரு வண்ண அட்டை வருகிறது. அம்மாக்கள் குழந்தையின் மலத்தை அந்த அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். வெளிறியிருந்தால், உடனே டாக்டரிடம் ஓடணும்.